எரிவாயுவுக்காக நேப்பியர் புல் போட்டால் மண்ணின் நுண்ணுயிர்கள் என்ன ஆகும்?

பென்னாகரம் பக்கம் ராகி விளைந்த செம்மண்ணில், நொதிக்கவைத்து எரிவாயு எடுப்பதற்காக நேப்பியர் புல் (உயரமாக வளரும் தீவனப்புல்) போட்டால் மண் செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகாது, பெரும்பாலும் உயிர் கூடத்தான் செய்யும். உழவு நிற்பதுதான் முக்கியக் காரணம். ஒவ்வொரு உழவும், வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணத்தின் நூல் போன்ற இழைகளை அறுத்துவிடும். புல் சில ஆண்டுகள் அப்படியே நிற்பதால் அந்த இழைகள் பரவி, வேருக்கு எட்டாத மணிச்சத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரோடு மண் சின்னச்சின்னக் கட்டிகளாக ஒட்டியிருக்கும். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று வாழும் பாக்டீரியாக்களின் பசையும் பூசண இழைகளும் சேர்ந்து பிடித்துவைத்த மண் அது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவும் அங்கேதான் குடியிருக்கும்.

சரி, கெடுதல் எங்கே? அறுத்ததையெல்லாம் வண்டியேற்றி அனுப்பினால் சாம்பல்சத்து மளமளவென்று குறையும். அதனால் எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் குழம்பைக் கேட்டு வாங்கி வயலுக்கே விடுங்கள்.