டிராகன்ஸ் லேயர்: வீட்டுப் பதிப்புகளில் எது அசலுக்கு நெருக்கம்?

ப்ளூ-ரே தான், யோசிக்கவே வேண்டாம். 1983-ல் வந்த இந்த வீடியோ கேமின் ஆர்கேட் எந்திரம், அதாவது காசு போட்டு ஆடும் அசல், அனிமேஷன் இயக்குநர் டான் ப்ளூத்தின் கார்ட்டூனை லேசர்டிஸ்க் என்ற பெரிய வீடியோ வட்டிலிருந்து நேரடியாக ஓட்டியது. அந்த அளவு வீடியோவை அன்றைய வீட்டுக் கணினிகள் தாங்காது. அமிகா என்ற வீட்டுக் கணினிக்கான பதிப்பு ஆறு ஃபிளாப்பிகளில் வந்தும் பல காட்சிகள் வெட்டப்பட்டன. வெட்டியதில் கொஞ்சத்தை அடுத்த பாகமாக விற்றார்கள், கெட்டிக்காரர்கள்! நின்டெண்டோவின் என்இஎஸ் கேம் கன்சோலுக்கான பதிப்பு பெயரளவில்தான் உறவு. அது பக்கவாட்டில் நகரும் சாதாரண விளையாட்டு. சேகா கன்சோலின் சிடி இணைப்பான சேகா சிடியில் காட்சிகள் உண்டு, ஆனால் திரையில் ஒரே நேரத்தில் 64 நிறங்களே என்பதால் நாயகன் டர்க்கின் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். டிவிடியை ரிமோட்டிலேயே ஆடலாம். படம் தெளிவு, ஆனால் பொத்தானை அழுத்தியதும் பிளேயர் அடுத்த காட்சியைத் தேடி ஒரு கணம் திணறும். நொடிக்குள் முடிவெடுக்கும் ஆட்டத்தில் அது எரிச்சல். ப்ளூ-ரேயில் அந்தத் திணறல் அநேகமாக இல்லை.