சிங்கப்பூரும் துபாயும் சென்னைக்குச் சம தூரம்தான்

கேள்வி: மகள் சிங்கப்பூரில், மகன் துபாயில். இரண்டுக்கும் நேரடி விமானம் பார்த்தேன். காலை 10 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் மாலை 4.40-க்கும், துபாயில் பகல் 12.45-க்கும் இறங்கும் என்று போட்டிருக்கிறது. சிங்கப்பூர் அவ்வளவு தொலைவா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லவே இல்லை. மீனம்பாக்கத்திலிருந்து வான்வழியே சிங்கப்பூர் சுமார் 2,925 கி.மீ., துபாய் சுமார் 2,930 கி.மீ. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம், குழப்பம் அங்கேதான். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, 4.40-இல் அதைக் கழித்தால் நம்மூரில் பிற்பகல் 2.10. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, 12.45-உடன் அதைக் கூட்டினால் 2.15. ஆக, இரண்டுக்குமே நாலேகால் மணி நேரப் பயணம்தான். சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல டிக்கெட் காட்டும். அதை நம்பி, அழைத்துப்போக வருபவரிடம் நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி உண்டு. கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அந்த அரை மணியில் அடக்கம். டெல்லி சுமார் 1,760 கி.மீ.; கணக்கு 2 மணி 42 நிமிடம் என்று வரும், அட்டவணையும் அதை ஒட்டியே இருக்கும்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஆவதற்குக் காற்று காரணம். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். அந்த மாதங்களில் துபாய்க்குப் போகும் விமானம் எதிர்காற்றில் தாமதிக்கும், திரும்பும் விமானம் சீக்கிரம் வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பிக்கொள்ளும்.

கேள்வி: சிங்கப்பூர் தூரம் ஒரு இடத்தில் 2,925, இன்னொரு இடத்தில் 1,817, மற்றொன்றில் 1,579. எது சரி?
- வாசகர், காலடிப்பேட்டை

பதில்: மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக உள்ளது விமானிகள் பயன்படுத்தும் கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ.

கேள்வி: 15-ஆம் தேதி அதிகாலை 1.30-க்கு வெளிநாட்டு விமானம். வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: 14-ஆம் தேதி இரவு! 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதற்குள் விமானம் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். 10.30-க்கு உள்ளே இருப்பது நல்லது. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ நீல வழித்தடத்தில் வண்டி மாறாமலே விமான நிலையம் போகலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 9 மணிக்குள் ரயில் ஏறிவிடுங்கள். காரில் போவதானால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இரவுகளும் உண்டு, அதற்கென ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.