ஆல்பர்ட்டா ஹண்டரின் 'ஆம்ட்ராக் ப்ளூஸ்': நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போன வாரம் உங்களை ஆல்பர்ட்டா ஹண்டரின் 'ஆம்ட்ராக் ப்ளூஸ்' இசைத்தட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, மனசில் பட்டதை எழுதச் சொல்லியிருந்தேன். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. 1980இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது, மொத்தம் பத்துப் பாட்டு. பாடியவர் 1895 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்த கறுப்பினப் பாடகி. வந்த கருத்துகளில் பாராட்டும் உண்டு, புகாரும் உண்டு. புகார் சொன்னவர்கள் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், எண்பதைத் தாண்டின வயசுல இப்படிப் பாடறது அதிசயம்தான். ஆனா வயசைச் சொல்லாம போட்டுக் காட்டினா இது நல்ல ரெக்கார்டா?

பதில்: நல்ல ரெக்கார்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வயசுக்கு நல்லா பாடறாங்க" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது பாராட்டு மாதிரி தோன்றும், ஆனால் பாட்டைக் கேட்கவிடாமல் செய்துவிடும். குரல் மேலே போகும்போது சொரசொரப்பாகிறது, நீண்ட கார்வைகள் இல்லை, மூச்சு வாங்கும் இடங்கள் தெரிகின்றன. எல்லாம் உண்மை. ஆனால் சொல்லை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருக்கும் தெளிவைப் பாருங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். 'நோபடி நோஸ் யூ வென் யூ ஆர் டவுன் அண்ட் அவுட்' பாட்டைப் போட்டுவிட்டுத் தொடையில் தாளம் தட்டுங்கள். உங்கள் கை விழுந்த பிறகுதான் சொல் வரும். ஒரு சொல் கொஞ்சம் பின்னால், அடுத்தது இன்னும் கொஞ்சம் பின்னால், வரி முடியும்போது சரியாக வந்து சேர்ந்துவிடும். கையில் காசு இருந்தபோது நண்பர்களுக்கு வாரி இறைத்தவன், காசு போனதும் தெருவில் முகம் தெரியாத ஆளாகிவிடுகிறான் என்பதுதான் பாட்டு. ஜிம்மி காக்ஸ் 1923இல் எழுதியது. அந்தக் காலத்துப் பெரிய ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1929 மே மாதம் பதிவு செய்தார், அந்த அக்டோபரிலேயே நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. பெஸ்ஸி பாடும்போது அடிபட்ட ஆளே எதிரில் நின்று பாடுவது போலிருக்கும். ஹண்டர் பாடும்போது, இதையெல்லாம் பார்த்து முடித்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலிருக்கும். அந்தப் பொறுமையை இளம் குரலில் நான் கேட்டதில்லை. வயதை அவர் ஒரு வாத்தியம் போலப் பயன்படுத்துகிறார்.

கேள்வி: இதுல ப்ளூஸ் எங்க இருக்கு? கிடார் அழும்னு நினைச்சு உட்கார்ந்தேன். டிரம்பெட்டும் பியானோவுமா இருக்கு. ஜாஸ் கிளப்ல நுழைஞ்ச மாதிரி இருந்துது.

பதில்: நிறையப் பேர் இதைத்தான் எழுதியிருந்தீர்கள். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு கறுப்பின ஆண், கையில் கிடாரோடு தனியாகப் பாடுவதுதான் ப்ளூஸ் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. இசைத்தட்டு வந்த வரிசை வேறு. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாட்டைப் பதிவு செய்தார். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், எத்தல் வாட்டர்ஸ், நம் ஆல்பர்ட்டா ஹண்டர் எல்லாரும் அந்த அலையில் வந்தவர்கள். நாடகக் கொட்டகையிலும் இரவு விடுதியிலும் பியானோவும் காற்றுக் கருவிகளும் சூழப் பாடிய பெண்கள் இவர்கள். கிடாரோடு தனியாகப் பாடிய ஆண்களைக் கம்பெனிகள் பெரிய அளவில் தேடிப் போனது அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில்தான்.

சிறுமியாக இருக்கும்போதே வீட்டைவிட்டு ஓடி சிகாகோ போய்ச் சேர்ந்தவர் ஹண்டர். அங்கே ட்ரீம்லாண்ட் விடுதியில் ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் குழுவோடு பாடினார். அந்த மேடைகளில் ப்ளூஸ், காதல் பாட்டு, வேடிக்கைப் பாட்டு எல்லாம் கலந்துதான் வரும். இந்தத் தட்டில் இர்விங் பெர்லினின் 'ஆல்வேஸ்' இருப்பதும், 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' இருப்பதும் அதனால்தான். நீங்கள் எதிர்பார்த்த வாடை 'ஐ ஹேவ் காட் எ மைண்ட் டு ராம்பிள்' பாட்டில் அதிகம். தலைப்புப் பாட்டிலும் உண்டு.

கேள்வி: வீணை கத்துக்கிறேன் ஐயா. அவங்க காந்தாரம் சில இடத்துல சுருதியில நிக்கலை. வயசானதாலயா?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது அம்மா, காரணம் மட்டும் வேறு. ப்ளூஸில் அந்தக் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. பியானோ அந்தர காந்தாரத்தை வாசிக்கும், குரல் அதற்குக் கீழே இழுக்கும். அந்த உரசல்தான் இந்த இசைக்கு உயிர். நிஷாதத்திலும் இதே கதைதான். வீணையில் சாதாரண காந்தார மெட்டில் விரலை வைத்துத் தந்தியைக் கொஞ்சமாக இழுத்து, அந்தர காந்தாரத்தைத் தொடுவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். அவர் நிற்கும் இடம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

அவர் குரல் உண்மையிலேயே சுருதி தவறும் இடங்களும் ஒன்றிரண்டு உண்டு. அவை பெரும்பாலும் வேகமான பாட்டில், வரியின் கடைசியில் மூச்சு தீரும்போது வருபவை. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் போதும்.

கேள்வி: நர்ஸா வேலை பார்த்தாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம். 1950களில் அம்மா இறந்த பிறகு பாட்டை விட்டுவிட்டார். வயதைப் பன்னிரண்டு வருஷம் குறைத்துச் சொல்லி செவிலியர் பயிற்சியில் சேர்ந்து, நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் சுமார் இருபது வருஷம் வேலை பார்த்தார். நடுவில் 1961இல் மட்டும் பழைய ஆட்களோடு சேர்ந்து சில பதிவுகள். 1977இல் எழுபது வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அப்போது அவருக்கு உண்மையில் எண்பத்திரண்டு.

லண்டனில் 1928இல் பாடகர் பால் ராப்சனோடு 'ஷோ போட்' நாடகத்தில் நடித்தவர், போர்க்காலத்தில் படைவீரர்களுக்குப் பாட ஊர் ஊராகப் போனவர், அதை அந்த வார்டில் பேசிக்கொள்ளவே இல்லை. ஓய்வு பெற்ற அதே வருஷம் அக்டோபரில் கிரீன்விச் வில்லேஜில் இருந்த 'தி குக்கரி' என்ற உணவு விடுதியில் பாட ஆரம்பித்தார். விடுதிக்காரர் பார்னி ஜோசப்சன், முன்பு ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடிய 'கஃபே சொசைட்டி' இரவு விடுதியை நடத்தியவர். பெரிய வளையக் காதணியோடு பியானோ பக்கத்தில் நின்று ஹண்டர் பாடுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. மறுவருஷமே 'ரிமெம்பர் மை நேம்' படத்துக்குப் பாட்டு, அதன் பிறகு இந்தத் தட்டு.

நோயாளியின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர் என்பது தெரிந்த பிறகு 'ஐ ஆம் ஹேவிங் எ குட் டைம்' பாட்டைத் திரும்பக் கேளுங்கள். அவரே எழுதியது. நாளைக்குச் செத்தாலும் சாவேன், இன்றைக்கு வாழ்ந்துகொள்கிறேன் என்பதுதான் சாரம். சும்மா குஷிப் பாட்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

கேள்வி: பெஸ்ஸி ஸ்மித்தோட முதல் ஹிட் இவங்க எழுதின பாட்டுன்னு சொல்றாங்களே அண்ணா, பிறகு ஏன் பணமும் பேரும் அவங்களுக்குப் போச்சு?

பதில்: 'டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்'. வரிகள் ஹண்டருடையவை, இசை பியானோக் கலைஞர் லவி ஆஸ்டின். 1922இல் பாராமவுன்ட் கம்பெனிக்காக ஹண்டரே முதலில் பாடினார். 1923இல் கொலம்பியாவுக்காக பெஸ்ஸி பாடினார், அதுதான் அவருடைய முதல் தட்டு. லட்சக்கணக்கில் விற்றது. பாராமவுன்ட்டில் பொறுப்பில் இருந்தவர் ஹண்டருக்குத் தெரியாமல் உரிமையை கொலம்பியாவுக்கு விற்றுவிட்டார். ஹண்டர் கைக்கு வந்த ராயல்டி 368 டாலர்தான். விஷயம் தெரிந்ததும் ஹண்டர் அந்த ஆளுக்காகப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார்.

பெஸ்ஸி மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. அவர் பாடியது மகத்தான பதிவு, அவருக்கும் கம்பெனி நியாயம் செய்யவில்லை. எனக்கு நெஞ்சில் நிற்பது வேறு விஷயம். ஐம்பத்தேழு வருஷம் கழித்து 'ஆம்ட்ராக் ப்ளூஸ்' தட்டின் நடுவட்டத்தில் அதே கொலம்பியாவின் பெயர். தயாரித்தவர் ஜான் ஹேமண்ட், 1933இல் பெஸ்ஸியின் கடைசிப் பதிவை நடத்தியவரும் அவரே. அதில் பாட்டெழுதியவர் என்ற இடத்தில் ஹண்டரின் பெயர் இருக்கிறது.

கேள்வி: 'மை ஹேண்டி மேன்' பாட்டு வரும்போது அப்பா பக்கத்துல இருந்தார். எழுந்து போய் சவுண்டைக் குறைச்சேன். இவ்வளவு பச்சையா பாடணுமா?

பதில்: பச்சையாக ஒரு சொல்கூட அதில் இல்லையே! வீட்டு வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஆள் இப்போது எதற்கும் லாயக்கில்லாமல் போய்விட்டான் என்பதுதான் பாட்டு. மற்றது நம் மனசில் ஓடுவது. இரட்டை அர்த்தம் அந்தக் கால மேடையில் ஒரு தனிக் கலை. வரிகளை எழுதியவர் ஆண்டி ராசஃப், இசை யூபி பிளேக். 1930இல் எத்தல் வாட்டர்ஸ் பாடிப் புகழ்பெற்றது. வாட்டர்ஸ் குறும்புக்காரப் பெண்ணாகப் பாடுவார். ஹண்டர் சலித்துப்போன வீட்டுக்காரியாக, முகத்தில் சிரிப்பே காட்டாமல் பாடுவது போல எனக்குக் கேட்கிறது. வயதான பெண்ணுக்கும் ஆசை உண்டு, குறை சொல்லும் உரிமையும் உண்டு என்று ஒரு பெரிய கம்பெனி தட்டில் பாடிவைத்திருக்கிறார். அதற்காகவே எனக்கு இந்தப் பாட்டு மேல் மரியாதை. அப்பாவுக்கும் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: முதல் பாட்டு 'டார்க்டவுன் ஸ்ட்ரட்டர்ஸ் பால்' எனக்கு ஒட்டவே இல்லை.

பதில்: எனக்கும்தான். 1917இல் வந்த ஆட்டப் பாட்டு, கச்சேரி தொடங்க மேடையில் அது சரி. தட்டில் இரண்டாம் பாட்டிலிருந்து ஆரம்பித்தால் நல்லது.

கேள்வி: வாசிச்சவங்க யாரு? யாரும் முந்திரிக்கொட்டையா முன்னாடி வரலையே.

பதில்: அதைக் கவனித்தீர்களே, சந்தோஷம். டிரம்பெட் டாக் சீட்டம், 1905இல் பிறந்தவர். டிராம்போன் விக் டிக்கன்சன், 1906. இவர்களும் வாழ்நாள் பூரா மேடையில் இருந்தவர்கள். சாக்ஸஃபோனில் கவுன்ட் பேஸி குழுவில் இருந்த ஃபிராங்க் வெஸ், கிடார் பில்லி பட்லர். ஹண்டர் ஒரு வரியைச் சொல்லி முடித்த பிறகுதான் ஊதுகிறார்கள். ப்ளூஸின் கட்டுமானமே அதுதான்: குரல் ஒரு வரி சொல்லும், மிச்சமிருக்கும் இடத்தில் வாத்தியம் பதில் சொல்லும். பியானோ ஜெரால்ட் குக். ஹண்டர் பின்தங்கினால் அவரும் காத்திருப்பார், இழுத்துக்கொண்டு போக மாட்டார்.

கேள்வி: ஆம்ட்ராக்னா என்ன? ஊர்ப் பேரா?

பதில்: அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனம், 1971இல் தொடங்கியது. ரயில் ப்ளூஸில் ரொம்பப் பழைய விஷயம். அந்தப் பழைய விஷயத்துக்குத் தன் காலத்து ரயிலின் பெயரை வைத்து, எண்பதுக்கு மேல் உட்கார்ந்து புதுப் பாட்டு எழுதியிருக்கிறார். ஞாபகங்களை மட்டும் விற்க வந்தவர் இல்லை அவர்.

கேள்வி: அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: 1982இல் வந்த 'தி குளோரி ஆஃப் ஆல்பர்ட்டா ஹண்டர்', 1983இல் வந்த 'லுக் ஃபார் தி சில்வர் லைனிங்'. 1984 அக்டோபரில் காலமானார். அதற்குப் பிறகு 1922இன் 'டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்' பதிவைத் தேடிப் போடுங்கள். மின் ஒலிவாங்கி வருவதற்கு முந்தைய காலம், ஒரு பெரிய கூம்புக்குள் பாடியது. இரைச்சல் பலமாக இருக்கும், முதல் தடவை குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, முன்பு சொன்ன மாதிரி தொடையில் தாளம் தட்டிப் பாருங்கள்.