64 கட்டம், எத்தனை நெல்?

கேள்வி: பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல் வைத்து, கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் மொத்தம் 18446744073709551615 என்கிறார்கள். இது பகா எண்ணா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: இல்லை. 5-ல் முடிவதால் 5 வகுக்கும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87; ஆகவே 3-ம் வகுக்கும், 9 வகுக்காது.

முழுக் காரணிகளும் வேண்டுமா? இதோடு 1 சேர்த்தால் 2-ன் 64-ஆம் அடுக்கு. எனவே a² − b² = (a + b)(a − b) என்ற வாய்பாட்டை ஆறு முறை போடுங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. கடைசி எண்ணையும் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிளந்து காட்டினார், எவ்வளவு அழகான வேலை! ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; ஆக வகுத்திகள் 2-ன் 7-ஆம் அடுக்கு, அதாவது 128.

எக்செலில் சரிபார்க்காதீர்கள். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மீதி பூஜ்ஜியமாகிவிடும். தாளில் பெருக்குங்கள்.