யார் மகள் என்று கேட்காதே

அன்புள்ள அம்மா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். இது இலக்கியக் கேள்வியா என்று தெரியவில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு இப்போது தேசிய சேவையில் இருக்கிறேன். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் எல்டன் ரிங் விளையாடுவேன். 2022இல் வந்த ஜப்பானிய விளையாட்டு. அதில் மெலினா என்றொரு பெண் வருகிறாள். பொன்மரத்தின் அடியில் பிறந்தவள், எரிந்து உடலை இழந்தவள், அம்மா கொடுத்த கடமை ஒன்று இருக்கிறது: தன்னைப் பற்றி அவள் சொல்வது இவ்வளவுதான். இடது கண்ணை மூடியே வைத்திருக்கிறாள். ஒரே ஒரு முடிவில் அதைத் திறக்கிறாள். கண் அந்தி நிறத்தில் இருக்கிறது. கதையில் எங்கும் நேரில் தோன்றாமல், பொருட்களின் குறிப்புகளில் மட்டும் பேசப்படும் ‘அந்திக்கண் அரசி’ இவள்தான் என்பது என் ஊகம். அதை நிறுவிப் பன்னிரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். 2024இல் வந்த விரிவாக்கத்திலும் பதில் இல்லை. எழுதியவர்களுக்கே பதில் தெரியாது, தெரியாததை மர்மம் என்று விற்கிறார்கள் என்கிறான் என் நண்பன். முன்கதையைச் சொல்லாமல் விடுவது சோம்பலா, உத்தியா? இதில் நான் செலவழிக்கும் நேரம் வீணா?

க.,
ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

வேறு சமயமாக இருந்தால் உன் கடிதத்துக்கு ‘கிடைத்தது, நன்றி’ என்று இரண்டு வரி எழுதியிருப்பேன். கொஞ்ச நாளாக அரவானைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்று, நகராமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உன் மெலினா வந்து சேர்ந்தாள்.

எல்டன் ரிங் எனக்கு அந்நியமில்லை. அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தபோது கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் விளையாடுவான். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். அவன் அரக்கர்களோடு மல்லுக்கட்டும்போது எனக்குத் தூக்கம் வரும். ஏதாவதொரு பிணத்தின் பக்கத்தில் கிடக்கும் மோதிரத்தையோ துணியையோ எடுத்து அதன் குறிப்பைத் திறந்தான் என்றால், “நிறுத்து, சத்தமாகப் படி” என்பேன். அலுத்துக்கொண்டே படிப்பான்.

நேரம் வீணா என்று கேட்டாய். வீண்தான். கதைக்குச் செலவாகும் நேரமெல்லாம் அப்படித்தான். அடுத்த கேள்விக்குப் போவோம்.

உன் நண்பனிடம் சொல்: அந்த உலகத்தின் ஆதி வரலாற்றை எழுதிக்கொடுத்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அமெரிக்க நாவலாசிரியர், வம்சங்களையும் வாரிசுச் சண்டைகளையும் எழுதியே பேர் வாங்கியவர். அதை வாங்கி, உடைத்து, கத்தியின் குறிப்பில் கொஞ்சமும் கந்தலின் குறிப்பில் கொஞ்சமுமாக ஒளித்துவைத்தது ஹிடெடாகா மியாசாகியும் அவருடைய குழுவும். மியாசாகி வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. நூலகத்திலிருந்து வயதுக்கு மீறிய புத்தகங்களை எடுத்துவந்து, புரியாத பத்திகளைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டு படித்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் அப்படி வாசித்தவர், அப்படியே எழுதுகிறார். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உத்தி என்று சொல்லவும் வரவில்லை, அது கொஞ்சம் தந்திரமான சொல். இது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது உன் பன்னிரண்டு பக்கத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. முதல் மூன்று பக்கங்களைப் படித்தபோது உன்னை நேரில் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாடு போடவேண்டும் என்று தோன்றியது. தெய்வங்களின் மெல்லிய தோல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு துணியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்திக்கண் அரசி தன் சீடர்களைப் பச்சைக் குழந்தைகளாக இதில் சுற்றி ஏந்துகிறாள், இவர்கள் வளர்ந்து தெய்வங்களுக்குச் சாவாக வருவார்கள் என்கிறது அதன் குறிப்பு. நீ அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: “இதைத் தைத்தது யார்? அரசியே ஊசி பிடித்தாளா?” அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். தெய்வத்தின் தோலில் குழந்தைக்குத் துணி தைக்கும் ஒருத்தி! உட்கார்ந்து தைத்திருப்பாள். தையல் உறுத்தாமல் இருக்கப் பிசிறை வெளிப்பக்கம் மடித்திருப்பாள்.

நான்காம் பக்கத்தில் அவளை விட்டுவிட்டாய். ‘ஆகவே’ என்று தொடங்கி வக்கீலாகிவிட்டாய். கண்ணின் நிறத்தைத் திரையில் அளந்திருக்கிறாய். தெய்வ அரசி மரிகாவின் காவலன் மலிகெத், அந்திக்கண் அரசியை எப்போது தோற்கடித்தான், மெலினா எப்போது எரிந்தாள் என்று காலவரிசை போட்டிருக்கிறாய். மெலினாவின் அம்மா மரிகாதானா, இளவரசி ரன்னிக்கு அவள் என்ன முறை என்று வம்ச மரம் வேறு வரைந்திருக்கிறாய். சிவப்புக் கோடு, நீலக் கோடு, புள்ளிக் கோடு.

உங்கள் எல்லோரையும் கெடுத்தது மரிகாவின் இரண்டாம் கணவன் ராடகன்தான். தலைநகரில் அவனுடைய சிலைக்கு முன்னால் ஒரு மந்திரத்தைச் சொன்னால் சிலை மாறி, ராடகனே மரிகா என்று தெரிகிறது. அது அவர்களாகவே கட்டிவைத்த திருப்பம். அதை ஒருமுறை ருசித்தவர்களுக்கு அதற்குப்பின் எவரைப் பார்த்தாலும் வேறு எவரோ வேடம் போட்டுக்கொண்டு வந்ததாகவே படுகிறது. இவள் அவள், அவன் இவனுடைய தம்பி, இவன் அவளுடைய மகன். மர்மமாக ஒரு பெண் வந்து நின்றால் முதல் கேள்வி, யார் வீட்டுப் பெண்?

பன்னிரண்டு பக்கத்திலும் தேடினேன், ஒரு வரி இல்லை. உலகத்தையே எரித்துவிடும் பித்துத் தீயை நோக்கி நாயகன் போகும்போது மெலினா அவனைத் தடுக்கிறாள், நினைவிருக்கிறதா? இந்த உலகம் எவ்வளவு சீரழிந்திருந்தாலும் உயிர் நிலைக்கிறது, பிறப்புகள் தொடர்கின்றன, அதில் ஓர் அழகு இல்லையா என்று கேட்கிறாள். பிறப்புகள்! உடம்பே இல்லாதவள், எரிந்துபோனவள், பிறப்பைப் பற்றிப் பேசுகிறாள். பச்சைக் குழந்தைகளை ஏந்தும் அரசியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய உனக்கு இந்த வரி எப்படித் தப்பியது? கண்ணின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், அவள் பேசியதைக் கேட்கவில்லை.

‘யார் வீட்டுப் பெண்’ என்ற கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஏன் சுருக்கென்று கோபம் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

நான் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவள். பிரிட்டிஷ் படை 1971இல் கிளம்பியதற்கு முந்தைய வருடங்கள். இப்போது உங்கள் ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் அப்போது கான்பெரா சாலைப் பக்கம் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பூ கொண்டுவரும் ஒரு தாத்தா இருந்தார். ஊரிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர் என்பதைத் தவிர எவருக்கும் எதுவும் தெரியாது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துதான் சரம் கட்டுவார். வாழைநாரின் முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து வைப்பார். விரல் இல்லாத மொட்டையில் நாரை ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக்கி, காம்புகளை அதற்குள் விட்டுச் சடக்கென்று இழுப்பார். எங்கே விரல் இல்லையோ அங்கேதான் முடிச்சு விழும். பத்து விரலும் உள்ள என் அம்மாவுக்கு அந்த நெருக்கம் கடைசிவரை வரவில்லை.

அவரைப் பற்றி எத்தனை கதைகள்! சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துப்போனார்கள், அங்கே தண்டவாளம் விழுந்து விரல் போனது என்பார் பக்கத்து வீட்டு மாமா. இந்திய தேசிய ராணுவத்தில் குண்டு வெடித்ததில் போனது என்பார் எதிர்வீட்டுக்காரர். ஊரில் ஒருவனை வெட்டிவிட்டுக் கப்பலேறியவர் என்று பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். நான் அவரை ஏகலைவன் என்று நம்பினேன். “ஏகலைவனுக்குப் போனது வலது கைக் கட்டைவிரல், மண்டு” என்று அண்ணன் தலையில் குட்டினான். அப்படியும் நான் விடவில்லை. அந்தக் கதைகள் இருந்தவரை அவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவளைத் தேநீர் கிடைத்தது.

பிறகு யாரோ ஒருவருடைய உறவினர் ஊரிலிருந்து வந்தார். தாத்தாவை அடையாளம் கண்டுவிட்டார். இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தெரு. தெரு தெரிந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது, இல்லையா? எங்கள் வரிசையில் சில வீடுகள் சாமிக்கு அவரிடம் பூ வாங்குவதை நிறுத்தின. கேட்டால் பூ வாடியிருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாளில் அவர் வருவது நின்றது. ஜொகூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம், அந்த உறவினர் அத்தனையும் சொன்ன அன்று விரல் எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரு கிடைத்துவிட்டது, விரல் இனி யாருக்கு வேண்டும்?

இது விளையாட்டு, மெலினாவுக்கு எந்தத் தெரு என்பாய். அந்த உலகம் நாசமானதே மரிகாவின் வாரிசுகள் உடைந்த எல்டன் வளையத்தில் ஆளுக்கொரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்துக்கொண்டதால்தான். அதற்குள் வம்சம் கோத்திரம் இல்லாத ஒருவனை நாயகனாக இறக்கிவிடுகிறார்கள். அவன் பக்கத்தில் நிற்க, பூர்வீகம் சொல்லாத ஒருத்தி வருகிறாள். நீ போய் அவளுக்கு வம்ச மரம் வரைகிறாய்.

ஊகிக்காதே என்று நான் சொல்லவில்லை. இங்கேதான் அரவான் வருகிறான். வியாசரில் அவன் அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். அவ்வளவுதான். குலம், தாய், தகப்பன், கொன்றவன் பெயர் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வம்ச மரம் வரைபவருக்கு அங்கே வேலையே இல்லை. தமிழர்கள் அதோடு விட்டார்களா? 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனாரின் பாரதவெண்பாவிலேயே களப்பலி வந்துவிட்டது. 32 இலட்சணமும் பொருந்தியவன், பாண்டவர் வெல்வதற்காகக் காளிக்குத் தன்னையே கொடுக்கிறான். அதற்குப் பிறகு கதை சொன்னவர்கள் யார் மகன் என்று கேட்கவில்லை. நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு இன்றைக்கு என்ன ஆசை இருக்கும் என்று கேட்டார்கள். கல்யாணம் ஆகாமல் சாகிறானே என்றார்கள். எவள் கழுத்தை நீட்டுவாள் என்று யோசித்து, கண்ணனையே மோகினியாக்கி மணம் முடித்தார்கள். வெட்டுண்ட பின்னும் போரைப் பார்க்க ஆசைப்படுவானே என்று தலைக்கு மட்டும் உயிர் வைத்தார்கள். கூத்தாண்டவனாகக் கூவாகத்தில் நிற்கும் அந்தத் தலை கடல்தாண்டி நம் ஊருக்கும் வந்து, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் மீசையோடு இருக்கிறது. ஐப்பசித் தீமிதிக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்துவருபவர்களில் எத்தனை பேர் அதை நின்று பார்க்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நீயும் பார்த்திருக்க மாட்டாய், எதிர்ப்பக்கம் நூடுல்ஸ் கடையைப் பார்த்திருப்பாய்.

என் கட்டுரை எங்கே நகராமல் நிற்கிறது என்று இதை எழுதும்போது தெரிந்துவிட்டது, அதற்கு உனக்கு நன்றி. மோகினி தாலியறுக்கும் இடத்தில். மறுநாள் அவள் கண்ணனாகத் தேரோட்டப் போகவேண்டும். அழுத கண்ணோடு எப்படிப் போனான்? எந்த நூலிலும் இல்லை. நானே எழுதவேண்டும்.

உனக்கும் வேலை வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடு, வம்ச மரம் உட்பட. அந்தத் துணியைத் தைத்தவளின் கதையைச் சிறுகதையாக எழுதி அனுப்பு. ஊசி எலும்பா இரும்பா, நூல் எது, குழந்தை அழுததா எல்லாம் வேண்டும். மெலினா அதில் வரக்கூடாது. முகாமுக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து அவசரமாக எழுதாதே. ஒற்றுப் பிழைகளைத் திருத்திவிட்டு அனுப்பு. இந்தக் கடிதத்தில் நான் திருத்தியதே போதும்.