சங்குக் கிட்டங்கியில் வீடும் கலைக்கூடமும்

கேள்வி: ஐயா, கீழக்கரையில் என் கணவரின் பாட்டனார் சங்கு வணிகத்துக்காகக் கட்டிய மாடிக் கிட்டங்கி பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கீழ்த்தளத்தில் நாங்கள் குடியேறி, மாடிக் கூடத்தைத் தெருப் பெண்களின் பனையோலைப் பின்னலுக்கும் பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்கும் ஒயிலாட்டப் பயிற்சிக்கும் திறந்துவிட விரும்புகிறோம். சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்வதால், பழைய காரையைக் கொத்தியெடுத்துவிட்டுச் சிமெண்டு பூசலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சிமெண்டு வேண்டவே வேண்டாம் அம்மா. உங்கள் பகுதியின் பழைய சுவர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. தனுஷ்கோடியில் இன்று இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களிலும் அந்தக் கல்லைக் காணலாம். நிலத்து ஈரம் இத்தகைய சுவரில் மெல்ல மேலேறி, வெளிப்பரப்பில் காற்றில் உலர்ந்து, தான் சுமந்துவந்த உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த உப்பு பூச்சை மட்டும் சிறிது சிறிதாக உதிர்க்கும். அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டுப் பூச்சு ஈரத்துக்கு வழிவிடாததால், உப்பு பூச்சின் பின்னால் கல்லுக்குள்ளேயே உறைந்து, ஒருநாள் கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். முன்பே பூசிய பூச்சு எங்கேனும் பிடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க, கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கெட்டியான ஓசை மாறிப் ‘பொத்’தென்று கேட்கும் இடத்தில் பூச்சு ஏற்கெனவே சுவரை விட்டு விலகியிருக்கும்.

காரையைத் தொடுவதற்கு முன் தெருவைப் பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் மட்டம் உயர்ந்து, பல பழைய கட்டிடங்களின் அடித்தளம் மண்ணுக்குள் போய்விட்டது; சுவரோரம் மண்ணை அகற்றி, மழைநீர் விலகி ஓட வாட்டம் கொடுத்தாலே ஈரத்தின் பெரும்பகுதி குறையும். பிறகு உதிரும் காரையை மட்டும் எடுத்துவிட்டு, உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் பல நாட்கள் துடைத்தெடுக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் மூழ்கவிட்டுச் சில வாரங்களாவது புளிக்கவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சேர்க்கும் பழைய முறையை அறிந்த கொத்தனார் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இங்கே பலர் தவறுவது தண்ணீரில்தான். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் காரை குழைத்து, அதே நீரை நனைக்கவும் ஊற்றினால், எடுத்த உப்பை நம் கையாலேயே திரும்ப ஏற்றுகிறோம். செலவானாலும் லாரி நல்ல தண்ணீரே வேண்டும். கடற்கரை மணலும் கூடாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் பூச்சுக்கு உகந்தவை. தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூசினால் பூச்சு கெட்டிப்படுவதற்கு முன்பே காய்ந்து வெடிக்கும். அப்போது ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுக் காக்க நேரிடும். சுவரில் குறையும் கல்லுக்கு, உங்கள் வளாகத்தில் விழுந்து கிடப்பதையே பயன்படுத்துங்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கடலிலிருந்து புதிதாக எடுப்பது குற்றம்.

அடுத்து, உங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்: கலைக்கூடம் கீழே, வீடு மேலே. வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்தையும், நிலையான இருக்கைகள் இல்லாத பொதுக்கூடத்தின் தளம் சுமார் 500 கிலோ பாரத்தையும் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பனங்கட்டைகள் தாங்கும் மாடியில் இருபது பேர் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்து ஆடுவதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. வீட்டுப் பாரத்துக்கும்கூட, சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைகளை உளியால் குத்திப் பார்த்து, உளுத்திருந்தால் பொறியாளரை அழைத்த பின்னரே குடியேறுங்கள்.

பின்னலுக்கு ஓலையை நனைத்துப் பதப்படுத்த வேண்டியிருப்பதாலும், வெப்பக்காற்று ஓலையை முறியச் செய்வதாலும், நிழலான கீழ்த்தளமே அந்தப் பெண்களுக்கும் வசதி. சாயநீர் மட்டும் சுவரடியில் தேங்காமல் வெளியேறட்டும். கழிப்பறைக்கு முற்றத்திலிருந்தே தனி வாசல் வைத்துவிட்டால், வருபவர்கள் உங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்காது.

கேள்வி: மண்டபம் ஊரில் கடலுக்கு மிக அருகே உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கடல் பக்கத்தில், பிள்ளைகளின் நாடகப் பயிற்சிக்கென ஓர் அறையைச் சேர்த்துக் கட்டலாமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரையிலான நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. அதிலும் கடலை ஒட்டிய கட்டுமானத் தடைப் பகுதியில், முறையான அனுமதியுள்ள பழைய வீட்டை அதன் அடித்தளப் பரப்பு கூடாமல் பழுதுபார்க்கவோ திருப்பிக் கட்டவோ மட்டுமே இடமுண்டு. ஆகவே புதிய அறையை விட்டுவிட்டு, உள்ளேயிருக்கும் கூடத்தின் தடுப்பை எடுத்து அகலப்படுத்துங்கள். அந்தத் தடுப்பு கூரையைத் தாங்குகிறதா என்று முதலில் ஒரு பொறியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். ஓடுகளை இறக்கித் திரும்ப வேயும்போதே ஓரத்து வரிசைகளைச் சட்டத்தோடு துருப்பிடிக்காத கம்பியால் கட்டச் சொல்லுங்கள், ஐப்பசிப் புயல் முதலில் கிளப்புவது அவற்றைத்தான்.