ஒன்றாம் வகுப்பில் பன்னிரண்டு பேர், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர்?

கேள்வி: பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மகளுக்கு வரும் ஏப்ரலில் ஆறு வயது நிறைகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசு தமிழ்த் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மொத்தமே 38 பிள்ளைகள், இரண்டு டீச்சர். இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம். அங்கே நானூறு பிள்ளைகளுக்கு மேல், வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர். பிள்ளை குறைந்த பள்ளியில் படிப்பும் மோசமாகத்தான் இருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள் என்கிறார் நாத்தனார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நாத்தனார் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. 38, 400, 100 என்று மூன்று எண்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மகள் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்வாளா என்பதற்கு மூன்றிலுமே பதில் இல்லை. இந்த ஊரில் சின்ன வகுப்புகளுக்கே இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவள் நான். என் பேத்தியைச் சேர்ப்பதானால் எந்த எண்ணைத் தேடுவேனோ அதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த பேனர். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. 2019இல் அதைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் மட்டும் தேர்வு வைக்கலாம், மறுதேர்விலும் தேறாத பிள்ளையை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்பதை அரசு முடிவு செய்துகொள்ளலாம் என்று மாற்றம் வந்தது. ஆக, ஒன்று முதல் நான்குவரை எந்தப் பள்ளியை எடுத்தாலும் நூறு சதவீதம் தேர்ச்சிதான். நீங்கள் தயங்குகிற அந்த 38 பிள்ளைப் பள்ளியிலும் நூறுதான். பேனரில் இருப்பது எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி என்றால் அது வேறு கணக்கு. அங்கேயும் ஒன்று கேட்க வேண்டும்: எத்தனை பேர் எழுதி நூறு சதவீதம்? அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, டீசி வாங்கிக்கொண்டு போகச் சொல்கிற வழக்கத்தை நான் வேலை பார்த்த ஓர் இடத்திலேயே கண்டேன். பிள்ளை வெளியே போனதும் சதவீதம் ஏறிவிடும். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். சின்னப் பள்ளிக்கு இது இன்னும் முக்கியம். மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர், அதில் ஆறு பேர் நன்றாகப் படிக்கிறார்கள் என்றால் 75 சதவீதம். அடுத்த வருஷம் எட்டில் ஐந்து பேர் என்றால் 62.5. கேட்டால் பள்ளி சரிந்துவிட்டது போல இருக்கும். உண்மையில் வித்தியாசம் ஒரே ஒரு பிள்ளை.

நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அதே பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறார்கள்? 2021 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் 12 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 2025 ஜூனில் அவர்கள் ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பில் இப்போது 11 பேர் என்றால், ஒருவர்தான் குறைவு, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 11 பேரில் பழைய பிள்ளைகள் ஆறு பேர்தான், மற்ற ஐந்து பேர் நடுவில் வந்தவர்கள் என்றால், ஆறு குடும்பங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. எங்கே போனார்கள்? வாடகை ஏறி கே.ஆர்.புரம் பக்கம் வீடு மாறிப் போனவர்களையும் ஊருக்கே திரும்பிப் போனவர்களையும் கழித்துவிடுங்கள், அது பள்ளியின் குற்றம் இல்லை. அதே தெருவில் குடியிருந்துகொண்டே இரண்டாம் வகுப்போடு வேறு பள்ளிக்கு மாற்றியவர்கள் எத்தனை பேர்? அதுதான் அந்தப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் கொடுத்த மதிப்பெண். தனியார் பள்ளியிலும் இதையே கேளுங்கள். அங்கே ஒன்றாம் வகுப்பில் கூட்டமாக இருக்கும், மேலே போகப் போக மெலியும். பாதிக் காரணம் ஃபீஸ்.

எச்.எம். சொல்லத் தயங்கினால், ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் ‘உங்கள் பள்ளியை அறியுங்கள்’ என்கிற பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, கர்நாடகத்துப் பள்ளி என்றால் 29இல் தொடங்கும். பிள்ளைகள், ஆசிரியர்கள், கழிப்பறை எல்லாம் அதில் இருக்கும். கொஞ்சம் பழைய கணக்காக இருக்கும், ஆனாலும் வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

சேர்க்கைக் கணக்கு ஒன்று, வருகிற பிள்ளை இன்னொன்று. அரசுப் பள்ளியில் எச்.எம். அறை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருப்பார்கள்: வகுப்பு, ஆண், பெண், மொத்தம், இன்று வந்தவர்கள். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்து டிரம்களை இறக்குகிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்காருவார்கள். தட்டை எண்ணுங்கள். பலகையில் 36 என்று எழுதிவிட்டுத் தட்டு 24 இருந்தால், இரண்டு மூன்று பேர் டப்பா கொண்டுவந்திருப்பார்கள் என்றே வைத்தாலும் மீதிக்குப் பதில் வேண்டும். 35 தட்டு இருந்தால், அந்த டீச்சர்களை நம்பலாம் என்று முதல் அடையாளம் கிடைத்துவிட்டது.

அடுத்தது 38 பிள்ளைக்கு இரண்டு டீச்சர் என்கிற விஷயம். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 60 பிள்ளைவரை குறைந்தது இரண்டு பேர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஆளுக்கு 19 பிள்ளை என்றால் காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் வகுப்பு ஐந்து, டீச்சர் இரண்டு. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நடத்துவார், இன்னொருவர் நான்கையும் ஐந்தையும். இது கெட்ட முறை என்று நினைக்காதீர்கள். கர்நாடகத்தில் நலி-கலி என்று 1990களில் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய முறையே, ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து, அட்டைகளோடு குழுகுழுவாகப் படிக்கவைப்பதுதான். நன்றாக நடத்தினால், சின்னவள் பெரியவளைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்வாள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: டீச்சர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற இரண்டு குழு என்ன செய்கிறது? கையில் வேலை இருக்கிறதா, அல்லது சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறதா? காத்திருந்தால், ஒரு நாளில் உங்கள் மகளுக்குப் பாடம் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இருவரில் ஒருவர் மீட்டிங், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். 2025இல் சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் போனதால், தசரா விடுமுறையையே அக்டோபர் 18வரை நீட்டினார்கள். அதனால் இரண்டு பேரும் நிரந்தர ஆசிரியர்களா, ஒருவர் தற்காலிகமாக வருகிற கௌரவ ஆசிரியரா, தமிழ் நடத்துகிறவர் ரிடையர் ஆக எத்தனை வருஷம் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளிகளில் இதுதான் உயிர்நாடி. அந்த ஒரு டீச்சர் போய் இடம் காலியாகவே கிடந்தால், பலகையில் தமிழ்ப் பள்ளி என்று இருக்கும், உள்ளே தமிழ் இருக்காது.

சரி, படிப்பு எப்படி என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் ஒரே வழி. ஒரு தடவை ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குப் பாடம் படித்துக் காட்டினான். புத்தகம் கையில் திறந்திருந்தது, கண் ஜன்னலில் இருந்தது, பாடம் தங்குதடையில்லாமல் வந்தது. நாலாவது வரியில் ‘குளத்து’ என்கிற சொல்லில் விரலை வைத்து, “இதை மட்டும் சொல்லு கண்ணா” என்றேன். அவன் முதல் வரிக்குப் போய், ஆரம்பத்திலிருந்து வேகமாக ஒப்பித்துக்கொண்டே வந்து, அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மூன்று வருஷம் பள்ளிக்கு வந்த பிள்ளை. நல்ல ஞாபகசக்தி, கெட்டிக்காரன். படிக்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் பாடப்புத்தகம் வேண்டாம். பிள்ளை பார்த்திராத ஒரு சின்னக் கதையைக் கொடுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும்போது, புதிய பகுதியை நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கடிகாரம் பார்த்து எண்ணாதீர்கள். தடுமாறினாலும் தானே திருத்திக்கொண்டு படித்து, ‘கதையில் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் சொல்கிறதா என்று பாருங்கள், போதும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பார்க்கிற ஏசர் ஆய்வின்படி 2024இல் கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27.1 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள். அது நகரக் கணக்கு இல்லை, ஆனாலும் இந்தச் சோதனையை நீங்களே செய்துபார்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பது புரியும். அப்புறம் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 வந்தால் நல்லது. 35 என்று எழுதினால், கடன் வாங்கத் தெரியாமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது என்று அர்த்தம். பரக் போன்ற பெரிய அரசுத் தேர்வுகள் மாவட்ட அளவில்தான் முடிவு சொல்லும், உங்கள் தெருப் பள்ளிக்கு மதிப்பெண் போடாது.

தனியார் பள்ளியில் வகுப்புக்குள் விடமாட்டார்கள். பரவாயில்லை, அந்தச் சீருடையில் உங்கள் தெருவில் நாலு பிள்ளைகள் இருப்பார்களே. இதே சோதனையை இங்கிலீஷில் செய்யுங்கள். படித்ததைத் தமிழிலாவது சொல்கிறதா என்று பாருங்கள். இங்கிலீஷை அழகாக உச்சரித்துவிட்டு அர்த்தம் தெரியாமல் நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பேசுகிற மொழியில் படிக்கக் கற்ற பிள்ளை இரண்டாவது மொழியைச் சீக்கிரம் பிடிக்கும் என்பது என் அனுபவம். கன்னடத்தை நினைத்துப் பயப்படவும் வேண்டாம், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளியானாலும் கன்னடம் உண்டு. தமிழ்ப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் எங்கே என்று மட்டும் கேளுங்கள். போன வருஷம் ஐந்து முடித்த பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளியில், எந்த மீடியத்தில் இருக்கிறார்கள் என்று எச்.எம்.முக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்க்கை விஷயம் சுலபம். ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கர்நாடக அரசின் 2022 உத்தரவு, உங்கள் மகளுக்குச் சிக்கல் இல்லை. வயதுச் சான்று இல்லை, டீசி வரத் தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. ஆதார் இல்லாததாலும் சேர்க்கையை மறுக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு நுழைவுத் தேர்வோ உங்களுக்கு இன்டர்வியூவோ வைத்தால் அது சட்டவிரோதம். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்குகிற 25 சதவீத இலவச இடத்தை நம்பாதீர்கள். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் அந்த இடம் கிடையாது என்று 2019இல் கர்நாடகம் விதியை மாற்றிவிட்டது. முழு ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

மூடிவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். பிள்ளை குறைந்தால் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பது நடக்கத்தான் செய்கிறது. சட்டத்தின் மாதிரி விதிகள் தொடக்க வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன, அது தமிழ்ப் பள்ளியாக இருக்கும் என்று உறுதி தரவில்லை. அதனால் பள்ளியைக் காப்பாற்றுவதற்காக மகளைச் சேர்க்காதீர்கள். தட்டுக் கணக்கு சரியாக இருந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை புதுக் கதையைப் படித்து, தமிழ் டீச்சருக்கு இன்னும் நாலைந்து வருஷம் சர்வீஸ் இருந்தால், நான் அந்த 38 பிள்ளைப் பள்ளியில்தான் சேர்ப்பேன். எஸ்.டி.எம்.சி. என்கிற பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, உங்கள் பெயரையும் கொடுங்கள். இந்த மூன்றில் தமிழ் டீச்சர் மட்டும் இல்லை என்றால், மனசு கஷ்டப்பட்டாலும் வேறு பள்ளி பாருங்கள், தமிழை வீட்டில் நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கோடை விடுமுறை விட்டுவிடுவார்கள். மே மாதம் போனால் பூட்டின வகுப்பறையைத்தான் பார்ப்பீர்கள். பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய், புதனில் போங்கள். பன்னிரண்டு மணிவாக்கில் போனால் ஒரு பாடமும் பார்க்கலாம், சாப்பாட்டு வரிசையும் பார்க்கலாம். மகளையும் கூட்டிப் போங்கள்.